பயன்படுத்துவோர் அவை: பணிசெயல் முறைமை மாநாடுகளில் நிகழ்ந்த உரைகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கருவியைச் செய்வோர் வேறு, அதனைக் கையாள்வோர் வேறு என்பது உலக வழக்கு. கொல்லன் வடித்த கவ்வாத்துக் கத்தியை மலையில் எடுத்து வீசுபவன் மற்றொருவன். பிடி கைக்கு ஒவ்வாதெனின் அவன் கொல்லனிடஞ் சென்று சொல்லுதல் வேண்டும். சொல்லாவிடின் அடுத்த கத்தியும் அவ்வாறே வரும். கணினித் துறையின் வரலாற்றிலோ, கையாள்வோர் ஒன்றுகூடித் தம் இடர்ப்பாடுகளை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்து, அக்கூட்டத்தின் பயனாகத் தாமே செய்வோராக மாறிய ஒரு நெடிய கதை உண்டு. அக்கதையின் சில பகுதிகளை நம் கல்லூரிப் பழைய மாணவருக்கும், இன்று பயில்கின்ற மாணாக்கருக்கும் எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பணிசெயல் முறைமை என நம் பாடநூல்களும், இயங்குதளம் எனத் தமிழக நூல்களும் குறிப்பது யாதெனின், அதனை அறியக் கந்தப்பளை வாசிகள் தூரதேசம் போகவேண்டியதில்லை. விடியற்காலையிற் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுகின்றனர். எத்தனை பேர் கொழுந்தெடுக்க, எத்தனை பேர் கவ்வாத்துக்கு, எத்தனை பேர் புல்வெட்ட, எவர் எந்த மலைக்கு என்று கணக்கப்பிள்ளை பிரித்து விடுகின்றார். ஒரே நிரையில் இருவர் புகுந்து முட்டிக்கொள்ளாமற் பார்க்கின்றார். மடுவத்திலே தராசு ஒன்றுதான். ஆயினும் எல்லோர் கொழுந்தும் முறைப்படி நிறுக்கப்பட்டு, அவரவர் பெயரிற் பதியப்படுகின்றது. கணக்கப்பிள்ளை தாமே கொழுந்து கிள்ளுவதில்லை. ஆனால் அவர் இல்லையெனில் நூறு பேர் இருந்தும் வேலை நடவாது. கணினியினுள்ளே ஒரே வேளையில் இயங்க விழையும் செய்நிரல்கள் அவ்வாட்கள். நினைவகம் மலை. வட்டும் அச்சுப்பொறியும் தராசு. இவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் செய்நிரலே பணிசெயல் முறைமை.

தொடக்கத்திலே இத்தகைய கணக்கப்பிள்ளை எவரும் இருந்திலர். 1950களில் ஐ.பி.எம். 704 போன்ற பொறியை வாங்கிய நிறுவனங்களில், ஒவ்வொருவரும் தமக்கு ஒதுக்கிய நேரத்திலே துளையிட்ட அட்டைக் கட்டுடன் வந்து, தம் செய்நிரலை ஏற்றி, முடிவைப் பெற்று, அடுத்தவருக்கு இடம் விட்டனர். ஆள் மாறும் பொழுதெல்லாம் பெருவிலை கொடுத்த பொறி சும்மா நின்றது. அதனினும் பெரிய வீண்செலவு வேறொன்று. எண்ணை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றுதல், நாடாவில் எழுதுதல் ஆகிய சில்லறை வேலைகளுக்கான செய்நிரலை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தது.

இந்நிலையில் 1955ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் கலிபோர்னியாவின் சாந்தா மோனிக்கா நகரிலுள்ள ராண்ட் நிறுவனத்திலே, 704 பொறியை வாங்கவிருந்தோர் கூடினர். அவருட் பலர் ஆகாயவிமானம் கட்டும் நிறுவனத்தார். சந்தையில் ஒருவருக்கொருவர் போட்டியாளர். எனினும் விமானத்தை விற்பதிலே போட்டியிடலாம், எண் மாற்றும் செய்நிரலை எழுதுவதிற் போட்டியிடுதல் மடமை என்பதை அவர்கள் உணர்ந்தனர். பகிர்வு என்று பொருள்படும் ‘ஷேர்’ என்பதையே தம் சங்கத்துக்குப் பெயராக இட்டனர். அடுத்த ஆண்டு, 1956இல், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்து ரொபேட் பற்றிக்கும் நோர்த் அமெரிக்கன் ஏவியேசன் நிறுவனத்து ஓவன் மொக்கும் இணைந்து, ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே தொடங்கும் செய்நிரலொன்றை 704 பொறிக்கு அமைத்தனர். உலகின் முதலாவது பணிசெயல் முறைமை எனப் பெரும்பாலோர் கொள்வது இதனையே. அதைப் பொறியை விற்றவர் செய்யவில்லை, வாங்கியவர் செய்தனர் என்பது ஈண்டுக் கருதற்பாலது. 1959இல் 709 பொறிக்கு வந்த முறைமையோ சங்கத்தின் பெயரையே தாங்கி நின்றது. 1961இல் டிஜிற்றல் எக்குயிப்மென்ட் நிறுவனத்தின் பொறிகளைக் கையாண்டோருக்கும் ‘டெக்கஸ்’ எனும் சங்கம் உண்டாயிற்று.

கையாள்வோர் அவை இங்ஙனம் வளர, ஆய்வாளர் அவையும் தனியே தோன்றியது. பணிசெயல் முறைமைகளின் தத்துவங்களைப் பற்றிய முதலாவது கருத்தரங்கு 1967 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் தென்னசி மாநிலத்திலே கற்லின்பேர்க் எனும் மலையூரில் நடைபெற்றது. அதிலே ஒல்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, தாமும் தம் குழுவினரும் ஐந்தோவன் தொழில்நுட்பக் கல்லூரியில் அமைத்த முறைமையை விளக்கினார். அம்முறைமையில் அவர் கையாண்ட உத்திகளுள் ஒன்று, புகையிரதப் பாதையின் கைகாட்டி மரத்தின் பெயரைப் பெற்றது. மலைநாட்டாருக்கு இதை விளக்குதல் எளிது. ஒற்றைப் பாதையிலே எதிரெதிராக இரு வண்டிகள் வருதல் கூடாது. ஆதலால் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வில்லை மட்டும் வெளியே வர இயலும்படி அமைத்து, அவ்வில்லையைக் கையிற் பெற்ற சாரதியே வண்டியைச் செலுத்துவார் என விதித்தனர். வில்லை கிடைக்காதவர் நிலையத்திலே காத்திருப்பார். இரண்டு செய்நிரல்கள் ஒரே நினைவக இடத்தை மாற்ற முயலும்போதும் இதே விதியைப் பொறிக்குக் கற்பிக்கலாம் என்பதே டைக்ஸ்ட்ராவின் கருத்து. (நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை சென்ற இரண்டரை அடிச் சிறு பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளிலே திறக்கப்பட்டு 1940களில் மூடப்பட்டது. அது இருந்திருப்பின் இப்பாடத்தைக் கந்தப்பளை நிலையத்திலேயே நடத்தியிருக்கலாம்.)

இருவகை அவைக்கும் வேறுபாடு யாதெனின், ஆய்வாளர் அவையிலே ஒருவர் தம் முறை ஏன் பிழைக்காது என்பதை நிறுவுகின்றார். கையாள்வோர் அவையிலே ஒருவர் தம் பொறி நேற்று ஏன் பிழைத்தது என்பதைச் சொல்கின்றார். இரண்டும் வேண்டும். ஆயினும் மாணாக்கன் முதலிற் பயில வேண்டியது இரண்டாவதே என்பது எனது துணிபு. நிறுவல் அழகியது, ஆனால் பிழைத்த பொறியைக் கண்டிராதவனுக்கு நிறுவலின் அருமை விளங்காது.

இவ்விரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு யுனிக்ஸ் முறைமையைக் கையாண்டோரின் கூட்டங்கள். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய இம்முறைமையை, 1973 ஒக்டோபரில் நடந்த ஓர் ஆய்வுக் கருத்தரங்கிலே முதன்முதலாக வெளியுலகுக்கு விளக்கினர். அவ்வுரை 1974 யூலையிற் கட்டுரையாக வெளிவந்ததும், பல்கலைக்கழகங்கள் பல அதனைக் கேட்டு எழுதின. பெல் ஆய்வுகூடத்தின் தாய் நிறுவனமோ 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாட்டாற் கட்டுண்டது; தொலைபேசித் தொழிலன்றி வேறு வாணிகஞ் செய்தல் அதற்கு ஆகாது. ஆகவே யுனிக்ஸை நாடாவிற் பதித்து அனுப்பினரேயன்றி, அதனைப் பேணிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றிலர். வாங்கியவன் பாடு வாங்கியவனோடு. அக்காலத்தில் இதனைக் குறையென எண்ணியிருப்பர். அக்குறையே பெரும் நன்மையாய் முடிந்தது.

கேட்பதற்கு ஆளில்லையாதலின் கையாள்வோர் ஒருவரையொருவர் கேட்டனர். 1974 மே மாதத்தில் நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலே லூ கற்ஸ் என்பார் ஒழுங்குசெய்த முதற் கூட்டத்துக்கு வந்தோர் ஏறத்தாழ இரு டசின் பேர். அவர்கள் சார்ந்த நிறுவனங்கள் ஒரு டசின் அளவில் இருக்கும். நம் ஊரில் ஒரு சனசமூக நிலையக் கூட்டத்துக்கு இதனினும் அதிகம் பேர் வருவர். அடுத்த ஆண்டு புரூக்ளின் கல்லூரியைச் சேர்ந்த மெல் ஃபெரென்ற்ஸ் ஒரு செய்தி மடலைத் தொடங்கினார். யுனிக்ஸ் எனும் பெயரைப் பயன்படுத்தலாகாதென வழக்கறிஞர்கள் தடுத்தமையால், 1977இல் அம்மடல் பெயர் மாறியது. சங்கமும் ‘யூஸ்னிக்ஸ்’ என்று பெயர்கொண்டது.

இக்கூட்டங்களின் உரைகள் எவ்வாறிருந்தன? பேசியவர் விற்பனையாளர் அல்லர். கேட்டவர் வாடிக்கையாளரும் அல்லர். தம்மிடமுள்ள பொறியிலே இன்ன சாதனத்தை இணைத்தோம், இன்ன இடத்தில் நின்றுவிட்டது, இன்னவாறு திருத்தினோம் என்று கூறி, திருத்திய செய்நிரலையும் நாடாவிலே பதித்துப் பிறருக்குக் கொடுப்பது அக்காலத்து வழக்கு. இவ்வாறு கைமாறிய நாடாக்களே பிற்காலத்துப் பெரும் மென்பொருள்கள் சிலவற்றின் வித்து. மூலச் செய்நிரல் எல்லோர் கையிலும் இருந்தமையாலன்றோ இது இயன்றது? கணக்கேட்டைத் திறந்து காட்டாத கணக்கப்பிள்ளையிடம் கணக்கிலே பிழை பிடிப்பது எப்படி?

இவ்விடத்தில் ஓர் ஆசிரியரைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்பார் விரிவுரையாளராயிருந்தார். நியூயோர்க்குக் கூட்டங்களுக்கு அவர் நினைத்தபடி போய்வர இயலாது; இடையிலே பெருங்கடல். ஆகவே வேறொரு வழி கண்டார். யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருவூலப் பகுதியை, பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த வரிகளை, எண்ணிட்டு ஒரு புத்தகமாகவும், அவ்வரிகளுக்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு புத்தகமாகவும் 1970களின் பிற்பகுதியிலே தம் மாணாக்கருக்கு ஆக்கிக் கொடுத்தார். தமிழ் பயின்றோருக்கு இது புதிதன்று. மூலமும் உரையும் என்பதே நம் கல்வி மரபு. சூத்திரத்தை உரையின்றிப் படித்தலும், உரையைச் சூத்திரமின்றிப் படித்தலும் நம்மவர் கொள்ளாதவை. சேனாவரையர் உரையோடு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை 1868இல் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் அச்சேற்றினார்கள். ஏடு வைத்திருந்த சிலரது உடைமையாயிருந்த நூல் அதனாற் கற்போர் யாவருக்கும் எட்டியது. லயன்ஸ் செய்ததும் அத்தகைய தொண்டே.

அச்செய்நிரலிலே ஓரிடம் புகழ் வாய்ந்தது. ஒரு முறைவழி ஓய்ந்து மற்றொன்று எழும் இடத்தில், இதனை வாசிப்பவர் விளங்கிக்கொள்வாரென எதிர்பார்க்கவில்லை என்று பொருள்படும் குறிப்பொன்றை ஆக்கியோர் இட்டிருந்தனர். பலர் அதனைச் செருக்கென்று கொண்டனர். இது பரீட்சைக்கு வராது என்ற பொருளிலேயே எழுதியதாகவும், உண்மையிற் தாங்களும் அவ்விடத்தை முற்றாக அறிந்திருக்கவில்லை என்றும் ரிச்சி பிற்காலத்திலே விளக்கினார். ஆக்கியோனே தெளியாத இடத்திலே உரைகாரன் நின்று நிதானித்துச் செல்வதைக் காண்பது மாணாக்கனுக்கு ஒரு பெரும் பாடம்.

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமப் பத்திரம், மூலச் செய்நிரலை வகுப்பறையிற் கற்பித்தலைத் தடைசெய்தது. லயன்ஸின் நூலும் வெளிப்படையாய்ப் பரவ வழியின்றிப் போயிற்று. ஆயினும் நிழற்படிகளாகக் கைக்குக் கை மாறியது. 1996இலேதான் அது முறைப்படி வெளியானது. இரண்டாண்டு கழித்து, 1998இல், லயன்ஸ் காலமானார். வகுப்பறைத் தடையின் விளைவாக ஒல்லாந்திலே ஆசிரியர் அன்ட்ரூ தனன்பாம் 1987இல் ‘மினிக்ஸ்’ எனும் சிறு முறைமையைத் தாமே எழுதினார். அதனைக் கையாண்ட பின்லாந்து மாணாக்கர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ‘லினக்ஸ்’ முறைமையைத் தொடங்கினார். பாடநூலைப் பூட்டி வைத்தமை, புதுப் பாடநூலும் புது முறைமையும் பிறக்கக் காரணமாயிற்று.

இனி, இவ்வவையிலே படிக்கப்பட்ட ஓருரையை மாணாக்கர் பொருட்டுச் சற்று நுணுகி நோக்குவோம். 1985ஆம் ஆண்டு கோடையில் ஒரகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில் நடந்த யூஸ்னிக்ஸ் மாநாட்டிலே, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்து ரசல் சான்ட்பேர்க்கும் அவருடன் பணியாற்றிய நால்வரும் எழுதிய கட்டுரை அது. வலையமைப்பிலே வேறொரு பொறியிலுள்ள கோப்பைத் தன் பொறியிலுள்ளது போலவே கையாள்வது எங்ஙனம் என்பது பொருள். ‘என்.எஃப்.எஸ்.’ எனச் சுருக்கி வழங்கும் இம்முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இதிலுள்ள இடர் யாது? கோப்பை வைத்திருக்கும் பொறியைப் பரிமாறி என்க. கேட்கும் பொறியைக் கேட்பவன் என்க. யார் யார் எந்தக் கோப்பைத் திறந்துள்ளனர், எவ்வளவு தூரம் வாசித்துள்ளனர் என்பதையெல்லாம் பரிமாறி தன் நினைவிலே வைத்திருக்குமாயின், திடீரென மின்சாரம் நின்று அது மீண்டெழும்போது அந்நினைவு அழிந்துவிடும். கேட்பவர் அனைவரும் திகைத்து நிற்பர். ஆகவே அவர்கள் மாறாக அமைத்தனர். பரிமாறி எதனையும் நினைவில் வையாது. கேட்பவன் ஒவ்வொரு முறையும் இன்ன கோப்பிலே, இன்ன இடத்திலிருந்து, இத்தனை எழுத்து என்று முழுமையாகக் கேட்க வேண்டும். விடை வராவிடின் மறுபடியும் அதையே கேட்க வேண்டும்.

மடுவத்தை நினைத்துப் பாருங்கள். இன்னாருக்குக் காலையில் எத்தனை கிலோ என்பதைக் கணக்கப்பிள்ளை மனத்திலே வைத்துக்கொண்டு, மாலையிற் கூட்டிச் சொல்வாராயின், அவர் நண்பகலில் நோயுற்று வேறொருவர் வந்தால் எல்லார் கணக்கும் போயிற்று. ஒவ்வொருவரும் தம் நிறை எழுதிய துண்டைத் தம் கையிலேயே கொண்டுவந்தால், தராசடியில் நிற்பவர் எவராயினும் கணக்குத் தவறாது. ஒரே துண்டை இருமுறை காட்டினாலும் விளைவு ஒன்றேயாக இருக்குமாறு எழுதிவிட்டால், கேட்டது காதில் விழுந்ததோ இல்லையோ என்ற ஐயமும் நீங்கும். இருபது கிலோவைக் கூட்டு என்று எழுதினால் இருமுறை கூட்டப்படும். இதுவரை மொத்தம் நாற்பது என்று எழுதினால் எத்தனை முறை வாசித்தாலும் நாற்பதே. அக்கட்டுரையின் உயிர்நாடி இவ்வளவே.

இதற்கு விலையும் உண்டு. எழுதக் கொடுத்ததை வட்டிலே பதித்த பின்னரே பரிமாறி விடை கூறலாம். ஆதலால் எழுதும் வேகம் குறையும். உள்ளூர் வட்டின் வேகத்தில் எண்பது வீதத்தை எட்டுதல் அவர்கள் கொண்ட குறி. இன்னொரு சிக்கலும் உண்டு. யுனிக்ஸிலே திறந்திருக்கும் கோப்பை நீக்கினாலும், திறந்தவர் மூடும்வரை அது இருக்கும். எதையும் நினைவில் வையாத பரிமாறிக்கு, எவர் திறந்துள்ளார் என்பது எங்ஙனம் தெரியும்? ஆகவே கேட்பவனே கோப்பை நீக்காமல், அதன் பெயரை மட்டும் மாற்றி மறைத்து வைத்து, மூடும்போது நீக்குகின்றான். இடையிலே கேட்பவனின் பொறி நின்றுவிட்டால், பரிமாறியிற் குப்பைக் கோப்பு எஞ்சும். இக்குறையை ஆக்கியோர் மறைக்கவில்லை. கட்டுரையிலேயே எழுதி வைத்தனர். எதனைத் தாம் செய்யவில்லை என்பதையும் செய்தவற்றோடு ஒருங்கே கூறும் இந்நேர்மையே கையாள்வோர் அவையின் சிறப்பு. விளம்பரத் துண்டிலே இத்தகைய பந்தியைக் காண்பது அரிது.

இத்தகைய அவைகள் நம் பக்கத்துக்கு வந்தது பிந்தியே. 1990களின் இறுதியிலே இந்திய நகரங்களில் லினக்ஸைக் கையாண்டோர் குழுக்களாகக் கூடத் தொடங்கினர். 2001இல் பெங்களூரிலே ‘லினக்ஸ் பெங்களூர்’ எனும் மாநாடு தொடங்கி, 2005 முதல் ‘ஃபொஸ்.இன்’ எனும் பெயரிலே 2012 வரை நடந்தது. வெறுமனே கேட்டுப் போவோர் கூட்டம் பெருகி, ஆக்குவோர் தொகை அதற்கேற்பப் பெருகாமையைக் கண்டு, அமைப்பாளர் பிற்காலத்தில் உரைகளைக் குறைத்து, உட்கார்ந்து செய்நிரல் எழுதும் அமர்வுகளைக் கூட்டினர். நம் நாட்டிலும் லங்கா லினக்ஸ் பயன்படுத்துவோர் குழு தோன்றியது. சிங்களத்துக்கு அக்குழு ஆக்கிய எழுத்துரு குழுவின் பெயரையே தாங்கி, லினக்ஸ் வெளியீடுகளிலே உலகெங்கும் சென்றது. அவையிலே ஆள் இருந்தமையால் எழுத்தும் அவையேறிற்று.

தமிழ் எங்ஙனம் அவையேறியது? இவ்வினாவே நமக்கு மிக நெருக்கமானது. கணினியிலே தமிழ் எழுதுவோர் நெடுங்காலம் தத்தமக்கு ஓர் எழுத்துருவை வைத்திருந்தனர். இலங்கையிற் பெரிதும் வழங்கிய ‘பாமினி’ எழுத்துருவிலே தட்டிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத பொறியிலே திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குழப்பமே தெரியும். காரணம், பொறியின் பணிசெயல் முறைமைக்கு அது தமிழ் என்பதே தெரியாது. ஆங்கில எழுத்தின் முகத்திலே தமிழ் முகமூடியை ஒட்டியிருந்தோம், அவ்வளவே.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1997 மே மாதத்திற் சிங்கப்பூரிலே நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் ஒரு மாநாடு கூடியது. 1999 பெப்ரவரியிற் சென்னையில் இரண்டாவது மாநாடு நடந்தது. அதன் பயனாகத் ‘தமிழ்99’ சாவிப்பலகை தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைய, ககரத்தை இருமுறை அழுத்தினால் முதலாவது தானே புள்ளி பெறும் அப்பலகை, தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை ஓரளவு விரலுக்குக் கற்பித்தது எனலாம். 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலே கூடிய மாநாட்டின்போது ‘உத்தமம்’ எனும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. ஆசிரியரும் பொறியியலாளரும் தம் ஓய்வு நேரத்தில் எழுத்துரு செய்த அன்பருமே அங்கே கூடினர். 1974இல் நியூயோர்க்கிலே கூடியவர்களின் இனத்தவர்.

ஆயினும் ஓரவைக்கு நாம் பிந்திச் சென்றோம். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ‘யுனிக்கோட்’ குறிமுறையின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதிலே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒழுங்கோ, இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுத்த ஒரு குறிமுறையைப் பின்பற்றியது. அதன் அடிப்படை வடவெழுத்து வரிசை. ஆகவே ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே, தமிழில் இல்லாத மூன்று எழுத்துகளுக்காக மூன்று வெற்றிடங்கள் உள. ககரம் ஓரிடம் பெற, ‘க்’ எனும் மெய் ககரத்தோடு புள்ளியுஞ் சேர்ந்து ஈரிடம் பெறுகின்றது. மெய்யோடு அகரஞ் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்ற நம் இலக்கணத்துக்கு இது தலைகீழ். எல்லா எழுத்துக்கும் தனித்தனி இடங் கொடுக்கும் ‘டேஸ்16’ முறையைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. ஆனால் முன்னர் விதித்த இடங்களை மாற்றுவதில்லை என்பது யுனிக்கோட்டின் விதி. மாற்றினால் அதுவரை எழுதிய கோப்புகளெல்லாம் பழுதாகும். ஆதலால் அவ்விதி நியாயமானதே. சபை கலைந்தபின் வந்து தீர்மானத்தைத் திருத்தச் சொல்வது எளிதன்று. இதனைக் குறைகூறுதற்காகச் சொல்கிறேனல்லேன். இவ்வொழுங்கிலேயே தமிழ் இன்று உலகெங்கும் சீராய் ஓடுகின்றது.

சீராய் ஓடுவதற்குப் பணிசெயல் முறைமை செய்யும் வேலை சிறிதன்று. ‘கொ’ என்பதை நோக்குக. கோப்பிலே முதலிற் ககரமும் பின்னர் ஒகரக் குறியும் உள்ளன. திரையிலோ குறியின் ஒரு பாதி ககரத்தின் இடப்புறமும் மறுபாதி வலப்புறமும் நிற்றல் வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணி அமைத்த முறைமைக்கு இது விளங்காது. ஓரெழுத்து பின்வாங்கி முன்னே நிற்கும் என்பதை அது கனவிலும் கருதவில்லை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘விண்டோஸ் 2000’ இதனைக் கற்றது. லினக்ஸிலே ‘பாங்கோ’ முதலிய மென்பொருள்கள் வாயிலாக இது கைகூடியது. மலேசியாவிலே 1980களிலிருந்தே ‘முரசு’ மென்பொருளை ஆக்கிவந்த முத்து நெடுமாறன் அவர்கள் வரைந்த ‘இணைமதி’ எழுத்துரு அப்பிள் நிறுவனத்தின் முறைமையிலே இடம்பெற்றது.

நம் நாட்டிலே அரச நியமமாக 2008இல் வகுத்த பலகை, ‘இரெங்கநாதன்’ எனப் பெயர்பெற்ற, தட்டச்சுப்பொறி மரபையொட்டிய ஒழுங்கு. தமிழகத்திலே தமிழ்99. ஆகவே கந்தப்பளையிலே தமிழ்வழி பயிலும் மாணாக்கன் ஒரு பலகையிற் பழகி, இணையத்திற் கிடைக்கும் பாடத்திலே வேறொன்றைக் காண்கின்றான். கைபேசியிலோ ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறுகின்றான். எது சிறந்ததென்று ஈண்டு வழக்காட யான் முற்படவில்லை. ஆனால் மூன்றும் எங்கோ ஓரவையிலே சிலர் எழுந்து பேசியதன் விளைவு. அவ்வவைகளிலே மலையகத் தோட்டப் பாடசாலையின் குரல் ஒலித்தது அரிது. மின்சாரம் அடிக்கடி நிற்கும் பாடசாலைக்கும், பத்துப் பேருக்கு ஒரு பொறி எனும் கூடத்துக்கும், பழைய பொறியிலே புது முறைமை ஏறாத இடத்துக்கும் உரிய இடர்ப்பாடுகள் பல. அவற்றை அங்கே இருப்பவரன்றிப் பிறர் எழுதார்.

போதல் அரிதெனினும் படித்தல் இப்பொழுது எளிது. யூஸ்னிக்ஸ் சங்கம் தன் மாநாட்டுக் கட்டுரைகளை 2008 முதல் எவரும் கட்டணமின்றிப் படிக்கத் திறந்துவிட்டது. அச்சங்கத்தின் பொதுத் தொழில்நுட்ப மாநாடு 2025ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட்டது, கட்டுரைகள் இருக்கின்றன. தொடங்கும் மாணாக்கர் மேலே கூறிய 1985ஆம் ஆண்டுக் கட்டுரையை முதலில் எடுக்கலாம்; ஆங்கிலம் எளியது, கணிதம் மிகக் குறைவு. முன்னுரையையும் முடிவுரையையும் விட்டு, ஆக்கியோர் தாம் பட்ட இடர்களைக் கூறும் பகுதியை முதலில் வாசியுங்கள். பின்னரே அமைப்பைக் கூறும் பகுதிக்கு வாருங்கள். இடர் தெரியாமல் அமைப்பைப் படித்தல், வினாவை அறியாமல் விடையை மனனஞ் செய்தல் போலாகும். அதன்பின் லயன்ஸ் நூலிலே முறைவழி மாறும் அவ்வோரிடத்தை மட்டும் ஆசிரியர் துணையோடு பார்க்கலாம்.

கையால் செய்து பார்க்க விழைவோருக்கு ஒரு பயிற்சி. ‘கொ’ என்பதை ஒருமுறை ககரமும் ஒகரக் குறியுமாகவும், மறுமுறை ககரமும் ஒற்றைக் கொம்பும் காலுமாகவும் ஒரு கோப்பிலே எழுதுங்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதலாவது ஈரிடம், இரண்டாவது மூவிடம். இனி அக்கோப்பிலே ‘கொ’ என்று தேடுங்கள். சில மென்பொருள்கள் இரண்டையுங் காணும், சில ஒன்றையே காணும். உங்கள் பாடசாலைக் கூடத்திலுள்ள ஒவ்வொரு பொறியிலும் இதனைச் செய்து, பொறியின் வகை, முறைமையின் பெயர், பதிப்பு, கண்ட விளைவு என்பவற்றை ஒரு தாளிலே குறித்து வாருங்கள். அத்தாளை அம்மென்பொருளை ஆக்கியோருக்கு அனுப்பலாம். அவர்களுட் பலர் விடை எழுதுவர்.